430 குதிரைத்திறனுக்கு ஒரு பழைய சேசிஸ்: செவ்ரோலே சி10 பிக்கப், ஒரு நிகழ்வு ஆய்வு

1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி10 பிக்கப்பில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்3 இன்ஜினை ஏற்றுவது அமெரிக்கப் பட்டறைகளில் இன்று சர்வசாதாரணமான வேலை. வண்டிக்கு உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. இன்ஜினைக் கம்பெனியே தனியாக, கட்டுப்பாட்டுக் கணினியோடு விற்கிறது. மவுன்ட், எக்ஸாஸ்ட், வயரிங் எல்லாம் இந்த ஜோடிக்கென்றே தயாராகக் கடையில் இருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிய பிறகுதான் பலருக்கு அந்தக் கேள்வி வருகிறது: ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடிய சேசிஸ் இதைத் தாங்குமா?

கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். லாங் மெம்பரின் (சேசிஸின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டம்) உள்பக்கம் முழுக்கத் தகடு வைத்து மூடி, வெல்டிங் அடித்துவிடு. இதில் பாதி சரி. எங்கே மூடுவது, எங்கே மூடாமல் விடுவது, மூடியும் பலப்படாத இடங்கள் எவை என்பதை ஒரு குறிப்பிட்ட வண்டியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இங்கே அதைச் செய்திருக்கிறேன்.

வண்டியும் இன்ஜினும்

எடுத்துக்கொண்டது 1970 மாடல் சி10, பின்னால் குட்டைச் சரக்குப் பெட்டி. வீல்பேஸ் 115 அங்குலம், அதாவது 2.92 மீட்டர். நீளப் பெட்டி வண்டிக்கு அது 127 அங்குலம். கம்பெனியிலிருந்து வந்தபோது இதில் இருந்தது 250 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின்: 155 குதிரைத்திறன், சுமார் 319 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்று விசை. இந்த எண்கள் அந்தக் காலத்து ‘மொத்த’ அளவு. ஏர் ஃபில்டர், சைலன்சர், ஃபேன் எதுவும் இல்லாமல் வெறும் இன்ஜினை ஸ்டாண்டில் ஓட்டி எடுத்தவை. 1972 வாக்கில்தான் அமெரிக்கக் கம்பெனிகள் நிகர அளவுக்கு மாறின.

உள்ளே போகப்போகும் எல்எஸ்3, 6.2 லிட்டர் வி8. 2008 கார்வெட்டில் வந்தபோது அதன் நிகர அளவு 430 குதிரைத்திறன், 575 நியூட்டன் மீட்டர். அதன் பின்னால் டிரெமெக் டி56 மேக்னம் கியர்பாக்ஸ், முதல் கியர் 2.97. பின் ஆக்சில் விகிதம் 3.73.

எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்எஸ்3 அலுமினிய பிளாக். இதே வண்டியில் அன்று கம்பெனி போட்ட வார்ப்பிரும்பு வி8-களைவிட லேசானது. அதோடு, 1968 முதல் இதே வண்டிக்கு 396 கன அங்குலப் பெரிய பிளாக் இன்ஜினையும் கம்பெனியே கொடுத்தது, மொத்த அளவில் 310 குதிரைத்திறன். ஆக, பெரிய இன்ஜினைப் பார்த்தே இராத சேசிஸ் அல்ல இது. ‘430 போட்டால் சேசிஸ் இரண்டாகப் பிளந்துவிடும்’ என்று பயமுறுத்துகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சேசிஸின் அமைப்பு எளிமையானது. தகட்டை அழுத்தி ‘ப’ வடிவில் மடித்த இரண்டு லாங் மெம்பர்கள், திறந்த பக்கம் உள்நோக்கி. அவற்றை இணைக்கும் கிராஸ் மெம்பர்கள், பெரும்பாலும் ரிவெட் அடித்தவை. முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் பெரிய கிராஸ் மெம்பர் மட்டும் போல்ட் போட்டது, ஒரே உருப்படியாகக் கழற்றி எடுக்கலாம். வி8 இன்ஜினின் மவுன்ட்கள் உட்காருவதும் அதன் மேல்தான்.

பின்பக்கம்தான் இந்த வண்டியின் சிறப்பு. ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிராண்டான ஜிஎம்சி பெயரில் வந்த அதே வண்டிக்குப் பொதுவாகப் பட்டை ஸ்பிரிங் கொடுத்தார்கள். செவ்ரோலேவுக்குக் காயில் ஸ்பிரிங், அதோடு இரண்டு நீளமான டிரெய்லிங் ஆர்ம்கள். ஆர்மின் பின்முனை ஆக்சிலோடு யு போல்ட்டில் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். முன்முனை கேபினுக்குக் கீழே ஒரு கிராஸ் மெம்பரில் ரப்பர் புஷ்ஷில் தொங்கும். அமெரிக்க நாஸ்கார் கப் தொடரின் பந்தயக் கார்களில் 2022-இல் புதிய தலைமுறைக் கார் வரும்வரை இருந்ததும் இதே வகை ஆர்ம்தான், பெயரும் ‘டிரக் ஆர்ம்’தான்.

சேசிஸுக்கு உண்மையில் எவ்வளவு போகிறது

இன்ஜின் தரக்கூடிய டார்க்கை முதலில் பார்ப்போம். 575-ஐ 2.97-ஆல் பெருக்கினால் முதல் கியரில், பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு 1,708 நியூட்டன் மீட்டர். பழைய ஆறு சிலிண்டரோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. பலரும் இந்த எண்ணோடு நின்று, அதற்கேற்பத் தகட்டின் கனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆனால் இந்த டார்க் முழுவதையும் டயர் ரோட்டில் இறக்க முடியாது. டயர் வழுக்க ஆரம்பித்த பிறகு இன்ஜின் எவ்வளவு கொடுத்தாலும் சேசிஸுக்கு அது வந்து சேராது. காலி பிக்கப்பின் பின்பக்கம் லேசு. வண்டியின் எடை 1,650 கிலோ, அதில் 43 சதவீதம் பின் ஆக்சிலில், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர், டயரின் ஆரம் 35 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். நல்ல நவீன ரோடு டயருக்குப் பிடிமானக் கெழு (எடைக்கும் பிடிக்கும் உள்ள விகிதம்) 1 என்போம். முழு வேகமெடுக்கையில் எடை பின்னுக்குச் சாயும். அப்போது பின் ஆக்சிலில் சுமார் 910 கிலோ. டயர் முன்னோக்கித் தள்ளும் அதிகபட்ச விசை ஏறக்குறைய 9,000 நியூட்டன். அதை ஆரத்தால் பெருக்கி, 3.73-ஆல் வகுத்தால் ஷாஃப்டில் ஏறக்குறைய 840 நியூட்டன் மீட்டர்.

அவ்வளவுதான். 1,708 தர இன்ஜின் தயாராக இருந்தாலும் சீரான இழுவையில் சேசிஸ் பார்ப்பது 840. இன்ஜினை மாற்றி, சூப்பர்சார்ஜர் வைத்த 556 குதிரைத்திறன் எல்எஸ்ஏ போட்டாலும் அதே 840தான். டயர்ப் புகை மட்டும் கூடும்.

பழைய வண்டிக்கும் இதே கணக்கைப் போடலாம். அன்றைய குறுகலான டயருக்குப் பிடிமானம் 0.7 என்று எடுத்தால் ஷாஃப்டில் 540 வருகிறது. ஆக, சேசிஸின் உச்சச் சுமை ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. இழுவைப் பந்தயத்துக்கான ஸ்லிக் டயர் மாட்டிப் பிடிமானம் 1.5-க்குப் போனால் அதே எண் 1,470-ஐத் தொடும். இது பழைய சுமையைப் போல 2.7 மடங்கு. சேசிஸை முறுக்குவது டயரின் பிடி. பலப்படுத்தும் வேலையின் அளவையும் அதுவே முடிவு செய்ய வேண்டும். இன்ஜின் மூடியில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு இதில் வேலை குறைவு.

அப்படியானால் பெரிய இன்ஜின் ஒன்றும் செய்யாதா? செய்யும், வேறு இரண்டு வழிகளில்.

முதலாவது, எத்தனை தடவை என்பது. ஆறு சிலிண்டரால் டயரின் எல்லையை முதல் கியரில்தான் தொட முடிந்தது. எல்எஸ்3-க்கு இரண்டாம் கியரில் (2.10) ஷாஃப்டில் 1,207, மூன்றாவதில் (1.46) கூட 840. மூன்று கியரிலும் எல்லையைத் தொடலாம், அதுவும் கால் அரிக்கும்போதெல்லாம். எஃகு வெல்டிங்குகளின் சோர்வு ஆயுள், ஏறி இறங்கும் அழுத்தத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் போகும் என்பது வடிவமைப்பில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் விதி. அழுத்தம் ஒன்றரை மடங்கானால் தாங்கும் தடவைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அதோடு தடவைகளின் எண்ணிக்கையும் ஏறினால், இருபது வருஷம் அசையாமல் இருந்த ரிவெட் ஓட்டை இரண்டு வருஷத்தில் விரிசல் விடும்.

இரண்டாவது, அதிர்ச்சி. கிளட்சைப் படக்கென்று விட்டால் ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் சுழல் ஆற்றல் ஒரே நொடியில் இறங்கும். பின் டயர் தத்தித் தத்திப் பிடிக்கும் ‘வீல் ஹாப்’ வந்தால் இன்னும் மோசம். மேலே சொன்ன 840 சீரான இழுவைக்கான கணக்கு. இந்த அடிகள் அதைத் தாண்டிப் போகும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை. எல்எஸ் வைக்கிறவர்கள் வண்டியைத் தாழ்த்துகிறார்கள், விறைப்பான ஸ்பிரிங் போடுகிறார்கள். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது முன்பெல்லாம் மெத்தென்ற ஸ்பிரிங் அதை விழுங்கிக்கொண்டது. இப்போது அந்த மேடு சேசிஸை முறுக்குகிறது. முன்பக்கம் நொந்துபோன பல வண்டிகளில் நான் இன்ஜினைவிட ஸ்பிரிங்கைத்தான் சந்தேகிப்பேன்.

முறுக்கமும் வளைவும்

நீளவாக்கில் ஒரு கீறல் போட்ட பிவிசி குழாயை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், துணிபோல் திரும்பும். கீறாத குழாய் அசையாது. லாங் மெம்பரின் கதையும் இதுதான். 150 மி.மீ. உயரம், 60 மி.மீ. விளிம்பு, 4 மி.மீ. கனம் உள்ள ஒரு சேனலைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். திறந்த நிலையில் அதன் முறுக்க மாறிலி (முறுக்கத்தை எதிர்க்கும் திறனின் அளவு) சுமார் 5,760 மி.மீ. நான்காம் அடுக்கு. திறந்த பக்கத்தை அதே கனத் தகடால் மூடினால் அது 30.9 லட்சம். 500 மடங்குக்கு மேல். மீட்டருக்கு 4.7 கிலோ இரும்புக்குக் கிடைக்கும் லாபம் இது.

மேலும் கீழுமான வளைவுக்கு அதே தகடு என்ன தருகிறது? சுமார் 30 சதவீதம், அவ்வளவே. பாரம் ஏற்றினால் சேசிஸ் நடுவில் தொய்கிறது என்பது உங்கள் பிரச்சினை என்றால் மூடுவது அதற்கு மருந்து இல்லை.

500 என்ற எண்ணைப் பார்த்து யாரும் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். அது ஒரு துண்டுச் சேனலுக்கான கணக்கு. முழுச் சேசிஸ் ஏணி மாதிரி அமைப்பு. அதில் முறுக்கத்தைத் தடுப்பதில் கிராஸ் மெம்பருக்கும் மூட்டுக்கும் பெரும்பங்கு உண்டு. லாங் மெம்பரைப் பெட்டியாக்கிவிட்டு, கிராஸ் மெம்பரை ஆடும் ரிவெட்டோடு விட்டால் முறுக்கம் அந்த மூட்டில் போய்க் குவியும். அரைகுறையாகப் பலப்படுத்திய சேசிஸ் பலப்படுத்தாததைவிடச் சீக்கிரம் விரிசல் விடுவது இதனால்தான்.

கம்பெனிகளும் கடைசியில் மூடிய சேசிஸுக்குத்தான் வந்து சேர்ந்தன. ஃபோர்டு எஃப்-150 2004-இலும், செவ்ரோலே சில்வராடோ 2007-இலும் முழுக்க மூடிய சேசிஸுக்கு மாறின. டொயோட்டா டண்ட்ரா 2007-இல் பின்பக்கத்தைத் திறந்த சேனலாகவே வைத்திருந்தது, 2022-இல்தான் முழுக்க மூடியது.

விறைப்பால் இழுவைக்கும் ஒரு நன்மை இருக்கிறது. ஷாஃப்ட் சுழலும்போது பின் ஆக்சிலின் வலது டயரை லேசாக்கும், இன்ஜினின் எதிர்வினையோ முன் இடது மூலையைத் தூக்கும். சேசிஸ் விறைப்பாக இருந்தால் இந்த எதிர்வினையில் ஒரு பங்கு பின் ஸ்பிரிங் வரை வந்து வலது டயரை மறுபடி அழுத்தும். தொளதொளத்த சேசிஸில் அது முன்பக்கத்தோடு நின்றுவிடும். வலது பின் டயர் மட்டும் வீணாகச் சுற்றும் வண்டிகளில் டிஃபரன்ஷியலைத் திட்டுவதற்கு முன் சேசிஸையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

மூன்று வழிகள்

பழைய சேசிஸைப் பலப்படுத்துவது ஒரு வழி. ரோட்ஸ்டர் ஷாப், ஆர்ட் மாரிசன் போன்ற நிறுவனங்கள் இந்த வண்டிக்கென்றே விற்கும் புதிய மூடிய சேசிஸை வாங்கி, கேபினையும் பெட்டியையும் அதன்மேல் உட்கார வைப்பது இன்னொரு வழி. மூன்றாவது, எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுக் குழாயால் கூடு கட்டுவது. பந்தய ஓட்டுநர் கென் பிளாக்குக்காக 2018-இல் வந்த 1977 ஃபோர்டு எஃப்-150 அப்படிக் கட்டப்பட்டதுதான். 914 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. அதில் பழைய சேசிஸுக்கு இடமே இல்லை.

நம் வண்டிக்கு ரோடு டயர், ஒன்றரை மடங்கு சுமை. பழைய சேசிஸே போதும் என்பது என் முடிவு. ஸ்லிக் டயர் மாட்டி வாராவாரம் பந்தயத் தடத்துக்குப் போகும் திட்டமிருந்தால் நான் புதிய சேசிஸ் வாங்கச் சொல்வேன். பழையதை 2.7 மடங்குக்கு ஏற்றச் செலவாகும் உழைப்பு அதைவிட மலிவாக வராது.

வேலை: முதலில் பார்ப்பது

கேபின், பெட்டி, பெட்ரோல் டேங்க் எல்லாம் இறங்க வேண்டும். 1967-72 வண்டிகளில் டேங்க் கேபினுக்குள்ளே, சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதை அங்கேயே வைத்துக்கொண்டு வெல்டிங் அடிக்கும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. பலர் இந்தச் சந்தர்ப்பத்தில் டேங்கைப் பின் லாங் மெம்பர்களுக்கு நடுவே மாற்றிவிடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்காக ஸ்டெப்னியைத் தாங்கும் கிராஸ் மெம்பரைக் கழற்றினால், அந்த இடத்தில் வேறொன்று வைத்தாக வேண்டும்.

மணல் வீசிச் சுத்தம் செய்த பிறகு சேசிஸ் தன் வரலாற்றைச் சொல்லும். யாரோ டிரெய்லர் கொக்கிக்காக கேஸ் கட்டரால் ஊதிய ஓட்டை, ரிவெட் அடித்த இரண்டு தகடுகளுக்கிடையே துரு உப்பி அவற்றைப் பிரித்திருக்கும் இடம், தேய்ந்து நீள்வட்டமான ஓட்டை. சந்தேகமான மூலைகளில் சிவப்புச் சாயம் ஊற்றித் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் மயிரிழை விரிசலும் கோடாகத் தெரியும். விரிசல் இருந்தால் அதன் முனையில் துளையிட்டு நிறுத்தி, கிரைண்டரால் பள்ளம் எடுத்து, அப்புறம்தான் வெல்டிங். மேலே தகடு போட்டு மறைத்த விரிசல் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஆடும் ரிவெட்டை அறுத்துவிட்டு அதே ஓட்டையில் ஒரு போல்ட்டைச் செருகுவது பரவலான பழக்கம். ரிவெட் அடிக்கும்போது உப்பி ஓட்டையை முழுக்க நிரப்பும், போல்ட் அப்படி நிரப்பாது. ஆகவே ஓட்டையை ரீமரால் சுத்தமான வட்டமாக்கி, இறுக்கமாக நுழையும் அளவு போல்ட் போட வேண்டும். கிரேடு 8 போல்ட், தலையில் ஆறு கோடு இருக்கும். குறைந்த இழுவலிமை சதுர அங்குலத்துக்கு 1,50,000 பவுண்டு.

வேலைக்கு முன் ஒரு அளவும் எடுத்துவைக்க வேண்டும். பின் இரண்டு முனைகளையும் முன்பக்கம் ஒரு முனையையும் ஸ்டாண்டில் இறுக்கி, நான்காவது முனையில் 100 கிலோ தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று டயல் கேஜில் பார்ப்பது. முன் முனைகளுக்கிடையே 80 சென்டிமீட்டர் என்றால் அது 785 நியூட்டன் மீட்டர் முறுக்கம். முனை 14 மி.மீ. இறங்கினால் கோணம் 1 டிகிரி. வேலைக்குப் பின் அதே முனையில் அதே பாரம். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அடித்த வெல்டிங்கால் என்ன கிடைத்தது என்று தெரியும். பெரும்பாலான பட்டறைகள் இதைச் செய்வதில்லை. ஒரு டயல் கேஜும் நாலு மூட்டைப் பாரமும் இருந்தால் முடியும் வேலை இது.

மூடும் வேலை

நான் மூடச் சொல்வது முன் கிராஸ் மெம்பரிலிருந்து டிரெய்லிங் ஆர்ம் கிராஸ் மெம்பரைத் தாண்டிப் பின் ஸ்பிரிங் இருக்கை வரை. அதற்குப் பின்னால் இருக்கும் வால் பகுதிக்கு இந்த முறுக்கம் போவதே இல்லை. அதை மூடினால் எடை மட்டும்தான் கூடும்.

தகட்டின் கனம் லாங் மெம்பரின் கனத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். 3/16 அங்குலம், அதாவது 4.8 மி.மீ., சாதாரண மைல்ட் ஸ்டீல் போதும். கால் அங்குலத் தகடு வைத்தால் இரட்டைப் பலம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் மெல்லிய பழைய விளிம்பு வெல்டிங் சூட்டில் கெட்டுப்போவதுதான் மிச்சம். அட்டையில் வார்ப்பு எடுத்து, அதன்படி தகட்டை வெட்டி, ஆறு அங்குலத்துக்கு ஒரு டாக் (சிறு புள்ளி வெல்டிங்) வைக்க வேண்டும். மிக் வெல்டிங், இஆர்70எஸ்-6 கம்பி, 75 பங்கு ஆர்கானும் 25 பங்கு கரியமில வாயுவும். சில அங்குலம் இங்கே, சில அங்குலம் எதிர் லாங் மெம்பரில், ஆறவிட்டு மறுபடி இங்கே. ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போனால் ஆறும்போது உள்பக்கம் சுருங்கி லாங் மெம்பர் வில்லாக வளையும். சேசிஸை மட்டமான மேடையில் கிளாம்ப் போட்டு, தற்காலிகக் குறுக்குக் குழாய்கள் வைத்து அடித்தாலும் மூலைவிட்டங்களை அடிக்கடி டேப்பால் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

தகட்டின் முனையைச் சதுரமாக வெட்டிச் செங்குத்தாக வெல்டிங் அடிப்பதுதான் நான் அதிகம் பயப்படும் தவறு. விறைப்பான பகுதி திடீரென முடிந்து தொளதொளப்பான பகுதி ஆரம்பிக்கும் அந்தக் கோட்டில்தான் விரிசல் பிறக்கும். முனையை மீன்வாய் போல் பிளந்து, நீளமாகச் சரிவாக்கி முடிக்க வேண்டும். முடியும் இடம் போல்ட் ஓட்டைக்கோ கிராஸ் மெம்பர் மூட்டுக்கோ அருகில் இருக்கக் கூடாது. மேல், கீழ் விளிம்புகளில் குறுக்கு வெல்டிங் வேண்டாம், புது ஓட்டையும் வேண்டாம். கனரக லாரிக் கம்பெனிகள் தங்கள் பாடி கட்டும் கையேடுகளில் விளிம்பைத் தொடாதே என்று தடைபோடுவது இதே காரணத்துக்காகத்தான். அந்தச் சேசிஸ்களில் பல வெப்பப் பதம் கொடுத்த எஃகு, அவற்றில் வெல்டிங்கே கூடாது. சி10-இன் சேசிஸ் பதம் கொடுக்காத சாதாரண எஃகு என்பதால் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மூடுவதற்கு முன் யோசிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள் நிறைய. பிரேக் குழாயும் வயரும் சேனலுக்கு உள்ளேதான் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றுக்கு வேறு வழி வேண்டும். கேபின் மவுன்ட், ஸ்டியரிங் பாக்ஸ் போன்றவற்றின் நட்டுகளுக்கு இனி கை போகாது. உள்ளே நட் வைத்த தகட்டை முன்கூட்டியே பற்றவைத்துவிட வேண்டும். மூடிய லாங் மெம்பருக்குக் குறுக்கே போகும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு இரும்புக் குழாயை இரு சுவர்களுக்கும் இடையே வைத்து வெல்டிங் அடிக்காவிட்டால், இறுக்கும்போது சுவர் உள்ளே நசுங்கும், அப்புறம் போல்ட் தானே தளரும். ஸ்டியரிங் பாக்ஸில் இது உயிர்ப் பிரச்சினை. இதற்கு அடுத்த தலைமுறை, 1973-87 நான்கு சக்கர இழுவை வண்டிகளில் ஸ்டியரிங் பாக்ஸ் பிடிக்கும் இடத்தில் சேசிஸ் வெடிப்பது ஊரறிந்த நோய். தாழ்வான இடங்களில் தண்ணீர் வடியத் துளை. கடைசியில் உள்ளே நீள் குழாய் விட்டு மெழுகு தெளிப்பு.

கிராஸ் மெம்பர்கள்

கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பரைப் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருக்கும், டி56 நீளமானது. வட்டக் குழாயில் செய்வது நல்லது, அதே எடைக்கு முறுக்கத்தை அதிகம் தாங்கும். குழாயை உள்தகட்டோடு மட்டும் ஒட்டாமல், அதைத் துளைத்துக்கொண்டு போய் வெளிச் சுவரிலும் பற்றவைத்தால் மூட்டு உண்மையான மூட்டாகும். கியர்பாக்ஸை இறக்க வழி வேண்டுமே என்றால் நடுத்துண்டு மட்டும் போல்ட்டில் கழறட்டும்.

இன்ஜின் மவுன்ட்களுக்கு 55 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 840 நியூட்டன் மீட்டர் எதிர்வினைக்கு ஒரு பக்கம் சுமார் 155 கிலோ மேலே இழுக்கும், மறுபக்கம் அதே அளவு கீழே அழுத்தும். இது பெரிய சுமை அல்ல. கடையில் கிடைக்கும் மவுன்ட் தாங்கும். முன் கிராஸ் மெம்பரின் போல்ட் ஓட்டைகள் தேய்ந்திருக்கின்றனவா என்பதைப் பார்த்தால் போதும்.

கவனம் முழுக்க டிரெய்லிங் ஆர்ம் கிராஸ் மெம்பருக்குத்தான். வண்டியை முன்னே தள்ளும் 9,000 நியூட்டனும், அதாவது 900 கிலோவுக்கு மேல், இரண்டு புஷ் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. அதுபோக, ஆக்சிலைத் திருப்பும் 3,100 நியூட்டன் மீட்டரை 1.3 மீட்டர் நீள ஆர்ம் என்று வைத்து வகுத்தால், ஆர்மின் முன்முனை கிராஸ் மெம்பரைச் சுமார் 240 கிலோ விசையோடு மேலே முட்டும். மெல்லிய தகட்டில் அழுத்திச் செய்த பழைய உருப்படிக்கு இது அதிகம். குழாயிலோ கனத்த தகட்டிலோ செய்த மாற்று கிராஸ் மெம்பர் கடையில் கிடைக்கிறது. எல்லா இடத்திலும் பணத்தை மிச்சம் பிடித்தாலும் இங்கே பிடிக்கக் கூடாது.

வண்டியைத் தாழ்த்துவதால் ஆக்சில் முட்டாமலிருக்க லாங் மெம்பரைப் பிறைபோல் வெட்டுவது இன்னொரு வேலை. வெட்டு கீழ் விளிம்பையே எடுத்துவிடுகிறது. வளைவைத் தாங்குவது பெரும்பாலும் விளிம்புகள்தான். வெட்டின் ஓரத்தைச் சுற்றிப் புது விளிம்பு வளைத்துப் பற்றவைத்து, உள்பக்கமும் மூடி, இருபுறமும் போதிய நீளத்துக்குத் தகட்டை ஓடவிட வேண்டும்.

மூடக் கூடாத ஒன்று

டிரெய்லிங் ஆர்மைப் பார்த்தால் அதுவும் திறந்த பிரிவாகத்தான் இருக்கும். இரண்டு சேனல்கள் முதுகோடு முதுகு ஒட்டி ‘ஐ’ வடிவில். கையில் வெல்டிங் துப்பாக்கி இருக்கும் உற்சாகத்தில் இதையும் மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி திருப்பத்தில் சாயும்போது ஆக்சில் சாயாது. ஆர்மோ ஆக்சிலோடு இறுகக் கட்டப்பட்டது. ஆகவே ஆர்ம் நீளவாக்கில் முறுகித்தான் ஆக வேண்டும். அப்படி முறுகட்டும் என்றே வடிவமைத்தவர்கள் அதைத் திறந்து வைத்தார்கள். மூடினால் இரண்டு ஆர்மும் ஆக்சிலும் சேர்ந்து ஒரு மாபெரும் ஆன்டி ரோல் பார் (வண்டி சாய்வதை எதிர்க்கும் கம்பி) ஆகிவிடும். உள்பக்கப் பின் டயர் தரையை விட்டுத் தூக்கும், வண்டி திடீரென வால் வீசும், முறுக்கம் முழுவதும் யு போல்ட்டுக்கும் முன்புஷ்ஷுக்கும் போகும். விறைப்பான ஆர்ம்தான் வேண்டுமென்றால் முன்முனையில் சுழலக்கூடிய மூட்டு வைத்த குழாய் ஆர்ம் வாங்கிப் போடலாம். ஆர்ம் முறுகாவிட்டாலும் மூட்டு சுழன்று கொடுக்கும்.

முடிந்த பிறகு

முறுக்கச் சோதனையை மறுபடி எடுத்து முந்தைய எண்ணோடு ஒப்பிட்ட பிறகுதான் பெயின்ட். வெல்டிங் ஓரங்களில் கனத்த பவுடர் கோட்டிங்கைவிட மெல்லிய, வெளிர் நிறப் பெயின்ட்டைத்தான் நான் விரும்புவேன். அடியில் விரிசல் ஆரம்பித்தால் அது வெடித்துத் துருக்கோடு காட்டிவிடும். பவுடர் கோட்டிங் ரொம்ப நாள் மூடி மறைக்கும். கேபினும் பெட்டியும் ஏறியபின் கதவு இடைவெளியையும், கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் இரு பக்கமும் அளந்து எழுதிவைக்க வேண்டும்.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ரிவெட்டுக்குப் பதில் போட்ட போல்ட்கள், டிரெய்லிங் ஆர்ம் கிராஸ் மெம்பர், யு போல்ட் மூன்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும். அதோடு மீன்வாய் முனைகள் நான்கையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது தடவை இறுக்கும்போதும் அதே போல்ட் தளர்ந்திருந்தால் அதை மேலும் முறுக்கிப் பயனில்லை. அந்த ஓட்டையைத் திறந்து, ரீமர் விட்டு, ஒரு அளவு பெரிய போல்ட் போட வேண்டும்.